ஆறு வாள்கள் சீட்டு வந்தால் வெளிநாட்டுப் பயணம் உறுதியா?

வெள்ளவத்தை_மல்லிகை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். குறி பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுகளைப் பல வருடங்களாக வாசித்து வருபவர்கள் இங்கே சிலர் இருப்பதை அறிவேன். ஒரே ஒரு சீட்டைப் பற்றி மட்டும் அவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

கடந்த மாதம் அம்மாவின் சிநேகிதி ஒருவர் வற்புறுத்தியதால், காலி வீதிக்கு உட்புறமாக உள்ள தொடர்மாடி ஒன்றில் சீட்டு வாசிக்கும் ஒரு பெண்மணியிடம் போயிருந்தேன். கோட்டையில் நான் பார்த்து வந்த வேலையைப் பதவி உயர்வு தொடர்பான ஒரு தகராறுக்குப் பிறகு விட்டுவிட்டேன். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, அங்கே முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்து வந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே, "நான் கொழும்பை விட்டுப் போவது நல்லதா?" என்பதே என் கேள்வியாக இருந்தது.

அவர் மூன்று சீட்டுகளை விரித்தார். கடந்த காலத்துக்கு ஐந்து வாள்களும், நிகழ்காலத்துக்கு ஆறு வாள்களும், வருங்காலத்துக்கு நான்கு கோல்களும் வந்தன. நடுச்சீட்டைத் திருப்பியவுடனேயே, "படகு வந்துவிட்டது, கடல் கடந்த பயணம் உறுதி, இந்த வருடத்துக்குள் போய்விடுவீர்கள்" என்று சொல்லி முடித்துவிட்டார். மூன்றாவது சீட்டைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்த முகவர் ஒருவர் இருப்பதாகவும், இந்த மாதத்துக்குள் முற்பணம் கட்டினால் காரியம் தடங்கலின்றி நடக்கும் என்றும் கூறினார்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் அது பயணம் என்கிறார்கள். இன்னோரிடத்தில் மனம் துயரத்திலிருந்து மெல்ல மீள்வது என்கிறார்கள். மற்றோரிடத்தில் விருப்பமில்லாமல் ஊரை விட்டுப் பிரிவது என்கிறார்கள். பிறகு நானே ஒரு சீட்டுக்கட்டு வாங்கி அதே கேள்வியைக் கேட்டு ஒரு சீட்டை எடுத்தேன். அதே ஆறு வாள்கள் தலைகீழாக வந்தது. இவற்றில் எதை எடுத்துக்கொள்வது? தலைகீழாக வந்தால் பயணம் தடைப்படும் என்று பொருளா?

தெஹிவளை_சீட்டுக்காரி:

தங்கை, பொருள் எழுதிய கையேட்டை மூடி வைத்துவிட்டு முதலில் படத்தை மட்டும் பாருங்கள். நீங்கள் வாங்கியது பெரும்பாலும் ரைடர் வெயிட் கட்டாகத்தான் இருக்கும். ஆர்தர் எட்வர்ட் வெயிட் வகுத்துக் கொடுக்க, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909ஆம் ஆண்டு லண்டனில் வெளியான கட்டு அது. அதில் இந்தச் சீட்டில் ஒரு தட்டையான படகு இருக்கிறது. பின்பக்கத்தில் ஒருவர் நின்றபடி நீண்ட கழியை ஊன்றித் தள்ளுகிறார். அவருக்கு முன்னால் போர்வையால் தலையை மூடிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணும், அவளை ஒட்டி ஒரு பிள்ளையும் இருக்கிறார்கள். இருவரும் நமக்கு முதுகைக் காட்டுவதால், அந்தப் பெண் அழுகிறாளா, களைத்திருக்கிறாளா, நிம்மதியாக இருக்கிறாளா என்பதை யாராலும் சொல்ல முடியாது. படகின் முன்பகுதியில் ஆறு வாள்கள் முனை கீழாக நிற்கின்றன. நமக்கு வலப்பக்கத்தில் நீர் அலையடிக்கிறது. இடப்பக்கத்தில் சலனமில்லாமல் கிடக்கிறது.

இந்தச் சீட்டுக்குத் துயரம் என்று பொருள் சொல்பவர்கள் அந்தப் போர்வையைப் பார்த்துச் சொல்கிறார்கள். பயணம் என்பவர்கள் படகைப் பார்த்துச் சொல்கிறார்கள். மீட்சி என்பவர்கள் அமைதியான நீரைப் பார்த்துச் சொல்கிறார்கள். மூன்றும் படத்திலேயே இருப்பதால் நீங்கள் வாசித்த எதுவும் கற்பனை அல்ல. ஆனால் வெயிட் தம் விளக்கத்தில் பேசுவது பெரும்பாலும் படகோட்டியைப் பற்றித்தான். வழி சீராக இருக்கிறது, சுமை இலேசானது, ஆகவே அந்த வேலை அவருடைய பலத்துக்கு மேற்பட்டதன்று என்று அவர் குறிப்பிடுகிறார். பயணத்துக்கான சீட்டு என்று இதை மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் குறிப்பைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். என் கருத்தில் சீட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஏனென்றால், போவீர்களா மாட்டீர்களா என்று அது சொல்லவில்லை. போகும்போது படகை யார் தள்ளுகிறார், யார் சுமையாக இருக்கிறார் என்று கேட்கிறது.

அதனால் இச்சீட்டு வரும்போதெல்லாம் எதிரே இருப்பவரிடம் நான் சீட்டைத் திருப்பி வைத்து, "இந்தப் படகில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்பேன். மத்திய கிழக்குக்குத் தாதியாகப் போகவிருந்த ஒரு பெண் தயங்காமல் பிள்ளையின் மீது விரலை வைத்தாள். வீட்டில் அண்ணனும் மாமாவும் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னாள். அதுவரை அரை மணி நேரமாகச் சம்பளத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தவள் அவள். படகோட்டியைத் தொடுபவர்கள் வேறு வகை. அவர்களிடம் களைப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். போர்வைக்குள் இருக்கும் பெண்ணைத் தொடுபவர்களிடம் நான் எதையும் கேட்பதில்லை, அவர்களே பேசும் வரை காத்திருப்பேன்.

வாள்களைப் பிடுங்கினால் படகில் துளை விழுந்து மூழ்கிவிடும், ஆகவே பழைய காயங்களைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும் என்று ஒரு விளக்கம் இப்போது எங்கும் சொல்லப்படுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. வெயிட் அப்படி எதுவும் எழுதவில்லை. தேவைப்படும் இடத்தில் பயன்படுத்தலாம், எல்லாரிடமும் ஒப்பிக்கத் தேவையில்லை.

உங்கள் விரிப்புக்கு வருகிறேன். ஐந்து வாள்களில் ஒருவன் வாள்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு ஏளனமாகத் திரும்பிப் பார்க்க, தோற்ற இருவர் நீர்க்கரையை நோக்கி நடந்து போகிறார்கள். அது உங்கள் அலுவலகத் தகராறு என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அந்தக் கரையிலிருந்து அடுத்த சீட்டில் படகு புறப்படுகிறது. வேலையை விட்டுவிட்டீர்கள் என்றால், நிகழ்காலத்தில் வந்த இந்தக் கரைகடக்கும் பயணம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றுதான் நான் வாசிப்பேன்; அதற்கு விமானச் சீட்டு கட்டாயமில்லை. மூன்றாவதாக வந்த நான்கு கோல்களை அந்தப் பெண்மணி ஏன் விட்டுவிட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. மாலை தொங்கும் நான்கு கோல்கள், பூச்செண்டை உயர்த்திப் பிடித்த இரு பெண்கள், அகழியின் மேல் ஒரு பாலம், அதற்கு அப்பால் ஒரு பழைய மாளிகை. புகலிடம், இணக்கம், இளைப்பாறல் என்று வெயிட் அதற்குப் பொருள் தருகிறார். ஆனால் அந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று சீட்டில் எழுதியில்லை.

உங்களிடம் ஒரு கேள்வி: உங்களோடு வேறு யாராவது போகிறார்களா? அக்காவைப் பற்றி எழுதினீர்கள், வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதவில்லை.

பழஞ்சீட்டு:

மேலே சொல்லப்பட்ட வாசிப்பில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் படகையே ஆதாரமாகக் கொண்டு "கடல் கடந்த பயணம் உறுதி" என்று சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 1909க்கு முன்னர் புழக்கத்திலிருந்த பெரும்பாலான கட்டுகளில் இந்தச் சீட்டில் படகே இல்லை. மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டில் வளைந்த ஆறு வாள்கள் ஒன்றையொன்று பின்னி நிற்க, நடுவில் ஒரு பூ இருக்கும், அவ்வளவுதான். டாரட் சீட்டுகள் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்காக உருவானவை. அவற்றை வைத்துக் குறி சொல்லும் வழக்கம் பரவியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான். அக்காலத்தில் எத்தெய்யா என்ற பெயரில் எழுதிய பாரிஸ்காரர் ஒருவர் ஒவ்வொரு சீட்டுக்கும் பொருள் வகுத்தபோது, ஆறு வாள்களுக்கு நேராக வழி, பாதை என்று குறித்தார். வெயிட் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நீர்வழிப் பயணம், வழி, தூதர், உபாயம் என்று எழுதினார். ஸ்மித்தின் கையில் அது படகாயிற்று.

வெயிட்டும் ஸ்மித்தும் அங்கத்தவர்களாக இருந்த கோல்டன் டோன் என்ற மறைஞானச் சங்கத்தில் இதே சீட்டுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. அவர்கள் இதைக் கும்ப ராசியின் நடுப்பகுதியில் நிற்கும் புதனுக்கு உரியதாக்கி, உழைத்துப் பெற்ற வெற்றி என்று பெயரிட்டார்கள். நம் சோதிடத்தின் கும்பமும் அவர்களுடைய கும்பமும் அயனாம்ச வித்தியாசத்தால் (ராசிகளை எண்ணத் தொடங்கும் புள்ளி வேறுபடுவதால்) ஒன்றல்ல என்பதால், சாதகக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பொருத்தம் பார்க்க வேண்டாம். அலெய்ஸ்டர் குரோலி வகுத்து ஃபிரீடா ஹாரிஸ் வரைந்த தோத் கட்டில் இதே சீட்டுக்கு அறிவியல் என்று தலைப்பு. ஆறு வாள்முனைகள் நடுவில் ஒரு சிலுவையை நோக்கிக் குவிகின்றன. அந்தப் பெண்மணியின் மேசையில் அன்று தோத் கட்டு இருந்திருந்தால், இதே சீட்டுக்கு "படிப்பு உங்களுக்குக் கைகூடும், உழைத்தால் சித்திதான்" என்று சொல்லியிருப்பார். முதுமாணிக்கு விண்ணப்பிப்பவருக்கு அதுவும் பொருந்தியே இருக்கும்!

இன்னொன்று. அந்தக் கட்டு வெளியான காலத்தில் லண்டனிலிருந்து வேறு நாடு போக எவராயினும் கப்பல் ஏற வேண்டியிருந்தது. ஆகவே நீர்வழிப் பயணம் என்ற சொல்லுக்கு அவர்களிடம் இருந்த சாதாரணப் பொருள் கட்டுநாயக்காவில் விமானம் ஏறும் நமக்கு இல்லை. எங்கள் மக்களிடையே படகில் போவது என்றால் அது முற்றிலும் வேறு கதை. அவுஸ்திரேலியாவுக்குப் படகேறி நடுக்கடலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களும், திரும்பி வராதவர்களும் இருக்கும் சமூகத்தில், இந்தச் சீட்டைக் காட்டி "படகு வந்துவிட்டது" என்று உற்சாகமாகச் சொல்வதற்கு வாசிப்பவர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை_கணக்கன்:

சகோதரி, நான் சீட்டிலும் சாத்திரத்திலும் நம்பிக்கை இல்லாதவன். ஆனால் கணக்குப் போடத் தெரியும். கட்டில் 78 சீட்டுகள். மூன்று சீட்டு விரிப்பில் ஆறு வாள்கள் வருவதற்கான வாய்ப்பு 26இல் 1. இது அரிதாகத் தோன்றலாம். ஆனால் பயணம் என்று சொல்வதற்கு அந்த ஒரு சீட்டு மட்டுமா இருக்கிறது? கைப்பையோடு கிளம்பும் முட்டாள், தேர், உலகம், உலக உருண்டையைக் கையில் ஏந்தி நிற்கும் இரண்டு கோல்கள், கப்பல்களைப் பார்த்து நிற்கும் மூன்று கோல்கள், பறந்து வரும் எட்டு கோல்கள், குதிரையில் பாயும் கோல் வீரன் ஆகிய எல்லாவற்றையும் பயணம் என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். இவற்றோடு ஆறு வாள்களையும் சேர்த்து எட்டுச் சீட்டுகள் என்று வைத்துக்கொண்டால், மூன்று சீட்டு எடுக்கும்போது அவற்றில் ஒன்றாவது வந்துவிடும் வாய்ப்பு 28 சதவீதம். வெள்ளவத்தையில் வந்து உட்காரும் இளவயதுக்காரர் ஒருவரிடம், அதுவும் கொழும்பை விட்டுப் போகலாமா என்று அவரே கேட்ட பிறகு, பயணம் உறுதி என்று சொல்ல சீட்டே தேவையில்லை.

என்னைக் கவலைப்படுத்துவது சீட்டு அல்ல, முகவர். பலனைச் சொன்ன வாயே முற்பணம் கட்டும் இடத்தையும் சொல்கிறது என்றால், அங்கே வாசிப்பு முடிந்து வியாபாரம் தொடங்கிவிட்டது. கனடாவில் படிக்கப் போவதற்கு முகவர் எவரும் கட்டாயமில்லை. பல்கலைக்கழகத்துக்கும் விசாவுக்கும் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். 2024 ஜனவரி முதல் தனியாளாகப் போகும் மாணவர் வாழ்க்கைச் செலவுக்காகக் காட்ட வேண்டிய தொகை 10,000 கனேடிய டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்த்தப்பட்டது. அதற்குப் பின்னரும் மாற்றங்கள் வந்திருக்கின்றன. கல்விக் கட்டணம் இதற்குள் அடங்காது. அரசாங்க இணையத்தளத்தில் இன்றைய தொகையைப் பார்த்துவிட்டு, வங்கிப் புத்தகத்தையும் பார்த்தீர்களானால், இந்த வருடத்துக்குள் போக முடியுமா என்பதற்குப் பதில் கிடைத்துவிடும்.

பழஞ்சீட்டு:

கணக்கன் ஐயாவின் 28 சதவீதத்தை ஏற்றுக்கொள்கிறேன். அது வாசிப்பவரின் அவசரத்துக்கு எதிரான கணக்கு. சீட்டைப் பார்த்து ஒருவர் தன் நிலைமையைப் பேசத் தொடங்குவதற்கு அது எதிரானதல்ல.

வெள்ளவத்தை_மல்லிகை:

எல்லாருக்கும் நன்றி. தெஹிவளை அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு நாள் யோசிக்க வேண்டியதாயிற்று. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறோம். அப்பா காலமாகிவிட்டார். நான் போனால் அம்மாவையும் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது அக்காவின் திட்டம். அம்மாவிடம் இதைப் பற்றி யாரும் நேரடியாகக் கேட்கவில்லை; அவரும் "உங்களுக்கு எது நல்லதோ செய்யுங்கள் பிள்ளை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். வெள்ளிக்கிழமைக் கோயில், கீழ்மாடியில் இருக்கும் சிநேகிதி, மாலையில் கடற்கரை ரயில் பாதையோரம் நடப்பது, இவற்றை விட்டு அவர் வருவாரா என்பது எனக்குத் தெரியவில்லை.

சீட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். நான் பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன், ஏனென்றால் அக்காதான் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகிறார். ஆனால் போர்வைக்குள் இருப்பது அம்மா என்று தோன்றிய பிறகு, கழியைப் பிடித்திருப்பது யார் என்பது குழப்பமாகிவிட்டது. அப்படியானால் தலைகீழாக வந்த சீட்டை எப்படி எடுத்துக்கொள்வது?

தெஹிவளை_சீட்டுக்காரி:

தலைகீழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வெயிட் இச்சீட்டின் தலைகீழ் நிலைக்குத் தடை என்று பொருள் தரவில்லை. வெளிப்படையாக அறிவித்தல், ஒப்புக்கொள்ளல், பகிரங்கமாதல் என்றுதான் எழுதியிருக்கிறார். காதலைத் தெரிவித்தல் என்று ஒரு குறிப்பு சொல்வதாகவும் சேர்த்திருக்கிறார். இவை எத்தெய்யாவின் காலத்திலிருந்தே வருகின்ற பொருள்கள். பயணம் தடைப்படும், தாமதமாகும், திரும்பி வர நேரும் என்பவை எல்லாம் நேர்ப்பொருளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின்னாளில் வாசிப்பவர்கள் உருவாக்கிக்கொண்டவை. தவறு என்று சொல்லமாட்டேன். நானும் சில வேளைகளில் அப்படி வாசிப்பதுண்டு. உங்கள் விடயத்தில் பழைய பொருளே கூடுதலாகப் பொருந்துகிறது. வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்று இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு மறுபடியும் சீட்டு எடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. முதல் பதில் பிடிக்காததால் எடுப்பதா, பிடித்ததால் உறுதிப்படுத்திக்கொள்ள எடுப்பதா என்பது எடுப்பவருக்கே தெரியாது. கேள்வியை மாற்றினால் மட்டும் எடுங்கள். "போகலாமா" என்பதற்குப் பதிலாக "இந்தக் கரைகடக்கும் பயணத்தில் என் பங்கு என்ன" என்று கேட்டால், வரும் சீட்டு எதுவானாலும் அதைப் பற்றிப் பேச இடம் இருக்கும்.

கழி யாருடைய கையில் என்ற குழப்பம் நல்ல குழப்பம்தான். அக்கா தூரத்திலிருந்து வழி காட்டுகிறார், ஆனால் வெள்ளவத்தை வீட்டில் அம்மாவோடு இருப்பது நீங்கள். மாணவர் விசாவில் நீங்கள் போனால் அம்மாவை உங்களோடு சேர்த்து அழைத்துப் போக முடியாது. உங்கள் அக்கா அங்கே குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெற்றவராக இருந்தால், பெற்றோருக்கான நீண்டகாலப் பார்வையாளர் விசாவுக்கு அம்மாவை அவர் அழைக்கலாம். ஆகவே நடைமுறையில் பார்த்தால் இது ஒரே படகே அல்ல. நீங்கள் ஒரு பயணம், அம்மா இன்னொரு பயணம். இந்தச் சீட்டை மூவரும் ஒன்றாகப் போகும் படம் என்று எடுத்துக்கொண்டால், அம்மாவின் முடிவையும் நீங்களே சுமந்துகொண்டு தள்ள வேண்டியதாகிவிடும். சுமை இலேசானது, வேலை பலத்துக்கு மேற்பட்டதன்று என்ற வெயிட்டின் குறிப்பு அப்போது பொருந்தாமல் போகும்.

என்னுடைய வாசிப்பு இதுதான்: அலுவலகத்தை விட்டு நீங்கள் கிளம்பியது சரியான கிளம்பல், அலையடிக்கும் பக்கம் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. நான்கு கோல்கள் இணக்கமான ஒரு வீட்டைக் காட்டுகிறது, ஆனால் அதற்குப் போகும் வழியில் ஒரு பாலம் இருக்கிறது. அம்மாவோடு இன்னும் நடக்காத அந்தப் பேச்சைத்தான் நான் பாலமாக வாசிப்பேன். சீட்டை அவரிடமே காட்டி, படகில் அவர் யாரைத் தொடுகிறார் என்று பாருங்கள். சீட்டு வாசிக்கத் தெரியாதவர்களிடம் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். அவர் பிள்ளையின் மீதே விரல் வைத்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

முற்பணத்தைப் பொறுத்தவரை கணக்கன் ஐயா சொன்னதே என் பதிலும். சீட்டு வாசிப்பவர் முகவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தந்தால், வாங்கி வைத்துவிட்டு அழைக்காமல் இருப்பதே உத்தமம். அம்மா என்ன சொன்னார் என்பதை நேரம் கிடைக்கும்போது இங்கே எழுதுங்கள்.